கறுப்பி கணக்கில் எடுத்த பிள்ளை

சிசிலியாவுக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். குருநகரில் சுறாவை வெட்டி விற்ற அதே கை, எங்கள் அச்சுவேலித் தோட்டத்தில் ஒரு கயிற்றுத்துண்டு கிடந்தாலும் உதறும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கரையில் விழுந்த செல்லடி தாங்காமல் புருஷன் வின்சன்றோடு வந்து, என் வளவின் பின்பக்கக் கொட்டிலில் குடியேறியவள். வரும்போது நிறைமாதம். கலியாணமாகி எத்தனையோ வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை. அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவளுக்குப் பயப்படுவதே தொழிலாகிவிட்டது.

கூடவே மீசை என்ற கடுவன் பூனையையும் கொண்டுவந்திருந்தாள். மீன்தலை தின்று வளர்ந்த துரை அவர். எலி வாலை மிதித்துக்கொண்டு போனாலும் கண் திறக்கமாட்டார். என் பெட்டைப் பூனை கறுப்பி அப்படியில்லை. வயிறு நிறையச் சோறு போட்டாலும் எலி, ஓணான், பாம்புக்குட்டி என்று எதையாவது பிடித்துக்கொண்டேயிருப்பாள். பசிக்கும் வேட்டைக்கும் அவளிடம் சம்பந்தமேயில்லை.

குண்டுக்குப் பதுங்கக் கிடங்கு வெட்டி, பனங்குற்றி அடுக்கி மூடிய பங்கர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. உள்ளே பாம்பு கிடக்குமென்று சிசிலியா இறங்கமாட்டாள். கறுப்பி குட்டி போட்டதும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குட்டிகளை ஓலைக் கடகத்தோடு பங்கருக்குள் வைத்தால் தாய் அங்கேயே காவல் கிடக்கும், பாம்பு அண்டாது என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சில கிழமைகள் நிம்மதியாக இறங்கினாள்.

ஒருநாள் காலை, வின்சன்ற் வேலைக்குப் போன பிறகு குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு இருவரும் குந்தியிருந்தோம். மீசை பிள்ளையின் காலடியில் தூங்கினான். முதல் குண்டு விழுந்து மேலிருந்து மண் கொட்டியபோது கறுப்பி படியால் இறங்கி வந்தாள். வாயில் ஒரு புடையன் குட்டி, கொடிய விஷப்பாம்பு, உயிரோடு நெளிந்தது. குட்டிகளுக்கு வேட்டை பழக்கக் கொண்டுவந்திருக்கிறாள். கடகத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு விலகிக் குந்தினாள்.

பாம்பு பாயில் ஏறியது. மீசை எழும்பி வெளியே ஓடினான். சிசிலியாதான் பாய்ந்து, வெறுங்கையால் அதன் தலையை நிலத்தோடு அமத்தினாள். பொம்மர் போய் வெகுநேரமாகியும் அவள் விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பாம்பு எப்போதோ செத்திருந்தது.

குட்டிகளை அன்றே என் குசினி அடுப்படிக்கு மாற்றினேன். அடுத்த தடவை பங்கருக்குள் இறங்கியபோது, கறுப்பி குற்றுயிராய் ஓர் எலியைக் கொண்டுவந்தாள். பாயில் கிடந்த பிள்ளையின் முன்னால் அதை விட்டுவிட்டு, அதே மாதிரி விலகிக் குந்தினாள். வேட்டை தெரியாத குட்டி இன்னொன்று மிச்சம் இருக்கிறதென்று அவள் நினைப்பு.

கறுப்பியைச் சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டாள்.

அதன் பிறகு சிசிலியா பங்கருக்கு வரவில்லை. நான் கெஞ்சினேன், ஏசியும் பார்த்தேன்.

"பொம்மர் என்ரை பிள்ளையைத் தேடி வரேல்லை அக்கா. உவள் கறுப்பிதான் தேடி வாறாள்" என்றாள்.

பொம்மர் வரும்போதெல்லாம் கொட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்கு மேல் கவிழ்ந்து கிடப்பாள். கறுப்பி எதையோ கவ்விக்கொண்டு கதவுக்கு வெளியே காத்திருப்பாள். நான் பங்கருக்குள் தனியே இருப்பேன். எல்லாம் அடங்கி அந்தப் பிள்ளை அழும் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு வராது.