மருமகள் போட்ட சட்டம்

என் மருமகள் நர்ஸ். வேலை முடிந்து வந்து, வீங்கின காலோடு உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாள். அதில் ஆண்களுக்கென்றே கிறுக்குச் சட்டங்கள். பெண் எதிரில் ஆண் உட்காரக் கூடாது என்பது ஒன்று.

பதிப்பகத்துக்காரர் எங்கள் நாற்காலியில் டீ டம்ளரோடு சாய்ந்துகொண்டு, "இந்தச் சட்டத்தை எடுத்தாத்தான் புத்தகம் போடுவேன். யாரும்மா நம்புவாங்க?" என்றார். அவள் முகம் செத்துவிட்டது.

"ஏன்யா நம்ப மாட்டாங்க? எங்க வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் அவர் எதிர்ல நான் உக்காந்ததே இல்ல. இவ ஆளை மாத்திப் போட்டிருக்கா, அவ்வளவுதான்" என்றேன் நான்.

"அது வேற, பெரியம்மா."

"வேறயா? அப்ப எந்திரிச்சு நின்னு டீயைக் குடி."

சிரித்துக்கொண்டே எழுந்தார். பாதி டம்ளர் முடிவதற்குள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"சரி தாயே, அந்தச் சட்டம் இருக்கட்டும்."

பிறகுதான் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.