டெபுடி செக்ரட்டரி ஓட்டிய கார்

எழுபத்திரண்டாவது வயதில் என் முதல் காரை வாங்கினேன். வெள்ளி நிறம், சிறிய வண்டி, பெட்ரோல், பதினோரு வயது. டெல்லியில் பெட்ரோல் காருக்குப் பதினைந்து வயது வரைதான் அனுமதி. ஆக, அதற்கு இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் பாக்கி இருந்தது. என்னைவிட நிச்சயமான எதிர்காலம்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் மனைவியின் முழங்காலைக் காட்டினேன். அவளுக்கு மெட்ரோ படி ஏற முடியவில்லை, துவாரகாவில் இருக்கும் தங்கையைப் பார்த்து ஒரு வருடமாகிறது, பாவம் என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் முழங்கால் பத்து வருடமாக வலிக்கிறது. கார் ஆசை வந்தது, எங்கள் மயூர் விஹார் குடியிருப்பின் காவலாளி கார்க்காரர்களுக்கு மட்டும் சல்யூட் அடிக்கிறான் என்பதை நான் கவனித்த பிறகு. முப்பத்தாறு ஆண்டுகள் லோதி ரோடு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் தொங்கிப் போய், அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன், கேட்டில் நிற்பவனின் சல்யூட்டுக்கு ஏங்கினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இன்னும் மோசமானது பின்னால் வருகிறது என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காரை விற்றவர் ஓய்வு பெற்ற டெபுடி செக்ரட்டரி. தமிழர். தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போட்டிருந்தார். போய் உட்கார்ந்ததும் காப்பி வந்தது. எந்த மினிஸ்ட்ரி, எந்த பேட்ச், எந்த ஊர் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். கார் கீழே நின்றிருந்தது. டாஷ்போர்டில் ஒரு முருகன், அவர் நெற்றியில் இருந்த அதே அளவு விபூதியோடு.

பெங்களூரில் இருக்கும் மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அப்பா, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்க." நான் செய்யவில்லை. டெபுடி செக்ரட்டரியின் காரை அண்டர் செக்ரட்டரி ஓட்டிச் சோதிப்பதா? மேலதிகாரி கையெழுத்துப் போட்ட ஃபைலைத் திருப்பி அனுப்புவது போல அது. எனக்குப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கமானதைச் செய்தேன். காகிதங்களைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தேன். இன்ஷூரன்ஸில் அவருடைய வீட்டு எண் தவறாக அச்சாகியிருந்தது. கண்டுபிடித்துக் காட்டினேன். "அடடே, இத்தனை வருஷமா நான் கவனிக்கவே இல்லையே சார்!" என்றார். ஒரு டெபுடி செக்ரட்டரி என்னை சார் என்று சொல்லிவிட்டார். அங்கேயே கார் விற்றுப்போயிற்று. பானெட்டைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. காகிதம் சரியாக இருந்தால் இரும்பும் சரியாக இருக்கும் என்று நம்பித்தானே நாங்கள் இந்த நாட்டை இத்தனை காலம் நடத்தினோம்.

முதல் வாரம் கோவில், மார்க்கெட், வங்கி. எல்லாம் பத்து நிமிடத் தூரம். காவலாளி சல்யூட் அடித்தான். இரண்டாம் வாரம் மனைவியை ஏற்றிக்கொண்டு துவாரகாவுக்குக் கிளம்பினேன். பாராபுல்லா மேம்பாலத்தின் நடுவில் வெப்பமானியின் முள் மேலே ஏறியது. நான் அதை ஏதோ நல்ல செய்தி என்று நினைத்தேன். பிறகு பானெட்டிலிருந்து ஆவி வந்தது, வண்டி நின்றது.

மே மாத வெயில். பின்னால் ஹாரன்கள். "பாபாஜி, சைடுல ஓரங்கட்டுங்க" என்று இந்தியில் கத்திக்கொண்டு போனார்கள். நின்றுவிட்ட காரை எப்படி ஓரங்கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. மனைவி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். கீழே மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இருந்த இடம், இடித்துத் தள்ளப்பட்டு, வெறும் மண்ணாகக் கிடந்தது. அத்தனை குடும்பங்கள் வீடு இழந்த மண்ணுக்கு மேலே நின்றுகொண்டு, என் மானம் போயிற்றே என்று நான் பதறிக்கொண்டிருந்தேன்.

"மெக்கானிக்க வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குனேன்னு சொன்னீயள்லா?" என்று கேட்டாள். எங்களுக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஐம்பது வருட டெல்லி அவள் பேச்சில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

"பார்த்தாரு. நல்லாத்தான் இருந்துது" என்றேன்.

திரிலோக்புரி மெக்கானிக் பானெட்டைத் திறந்து, மூடி, என்னைப் பார்த்துச் சிரித்தார். "அங்கிள்ஜி, இது கார் இல்லை, பிரஷர் குக்கர்" என்றார். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, என்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும், பிரித்தால் இன்னும் என்னென்ன வருமோ என்றார். அரை மணி நேரம் ஓட்டினால் ஒன்றும் தெரியாதாம். அதற்கு மேல் போனால் சூடாகி நின்றுவிடுமாம். "உங்களுக்கு விற்றவருக்கு இது நன்றாகத் தெரியும்" என்றும் சொன்னார்.

டெபுடி செக்ரட்டரிக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை நான்கு குறிப்புகளாக எழுதி வைத்திருந்தேன். முதல் குறிப்பைச் சொன்னதுமே, "எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட நின்னதில்லையே. நீங்க எப்படி ஓட்டுறீங்க?" என்றார். குரலில் பழைய அதிகாரம் இருந்தது. நான் "சாரி சார்" என்றேன். ஏமாற்றப்பட்டவன் ஏமாற்றியவரிடம் மன்னிப்புக் கேட்டு, போனையும் மரியாதையாக வைத்தேன்.

என்ஜினைப் பிரிக்கச் செலவழிக்க மனம் வராமல், தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கார் இன்னும் ஆறு முறை நின்றது. மனைவி ஏறுவதை நிறுத்திவிட்டாள். நான் விற்றுவிட முடிவு செய்தேன். அதே வாட்ஸ்அப் குழுவில், "ஓய்வு பெற்ற தமிழ் அதிகாரி ஓட்டிய கார், நல்ல பராமரிப்பு" என்று போட்டேன். அந்த வாக்கியத்தில் கடைசி இரண்டு சொற்கள்தான் பொய்.

நொய்டாவிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அவன் மதுரைக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஏழு மாதக் கர்ப்பம். ஆஸ்பத்திரிக்குப் போக வர ஒரு சின்ன வண்டி வேண்டும், புது வண்டிக்கு இப்போது வழியில்லை என்றார்கள்.

அவர்கள் வருவதற்கு முன் ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பினேன். காரை நிழலில் நிறுத்தி ஆற வைத்தேன். காகிதங்களைப் புது ஃபைலில் போட்டு மேஜைமேல் வைத்தேன். இத்தனை கவனமாக நான் எந்த நல்ல காரியத்தையும் செய்ததில்லை.

அவன் காலனியைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டினான். பத்து நிமிடம். கார் பூனைபோல் ஓடியது.

"ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரலாம்னுதான் இருந்தேன் அங்கிள். இவதான் வேணாம்னா" என்றான்.

"அரே, அங்கிள் நம்ம ஆளு! அப்படியெல்லாம் பண்ணா அச்சா லக்தா நஹீ, நல்லா இருக்காது" என்று அவன் தோளில் தட்டினாள் அந்தப் பெண். பிறகு என் மனைவியைப் பார்த்துத் திரும்பினாள். "ஆன்ட்டி, உங்களுக்கும் கால் வலி இல்ல? இதுல லம்பா டிரைவ், தூரமா போனா கம்ஃபர்டபிளா இருக்கா? மத்லப், அதாவது, டென்ஷன் எதுவும் இல்லியே?"

என் மனைவியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் வராது. கொள்கை என்றுகூட அவள் அதற்குப் பேர் வைக்கவில்லை, வராது, அவ்வளவுதான். நான் வேலையில் இருந்தபோது, வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி அவளிடம் போனைக் கொடுத்தால், "இல்லைன்னு சொல்லச் சொல்லுதாவ" என்று அப்படியே சொல்லிவிடுவாள். ஒரு ஜாயின்ட் செக்ரட்டரியிடமே சொல்லியிருக்கிறாள்.

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைப் புரட்டினேன்.

"சவுகரியமாத்தான் இருக்கும்மா. ஒண்ணும் தொந்தரவு கெடையாது" என்றாள்.

கார் விற்றுப்போயிற்று.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது: என்னை ஏமாற்றினார்கள், நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? கேட்காதவளிடம் அதைச் சொல்ல முடியாது. சாப்பாடு வேளைக்கு வந்தது. மாத்திரை வேளைக்கு வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே, "நொய்டாவுல இருந்து அந்த ஆஸ்பத்திரி எத்தன கிலோமீட்டர்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும். வரைபடத்தில் பார்த்திருந்தேன். நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். அரை மணியைத் தாண்டிய தூரம்.

மறுநாள் காலை அந்தத் தம்பதிக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று எண்ணம். நேரில் பேசத் துணிவில்லாதவனுக்கு எழுத்து பெரிய வசதி. 'வாகனத்தின் என்ஜினில் ஒரு சில குறைபாடுகள் இருப்பது தற்போது கவனத்துக்கு வந்துள்ளது. இதனால் ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.' அவளிடம் வாசித்துக் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இதுல நீங்க எங்க இருக்கீய?" என்று கேட்டாள்.

மறுபடி படித்துப் பார்த்தேன். நான் எங்கேயும் இல்லை. முப்பத்தாறு வருடப் பயிற்சி.

அந்த மதுரைக்காரனுக்குப் போன் செய்தேன். ஆபீஸில் இருந்தான், பின்னால் ஆட்கள் பேசும் சத்தம். "தம்பி, அந்தக் காருல கோளாறு இருக்கு. தெரிஞ்சுதான் உங்களுக்கு வித்தேன். அரை மணிக்கு மேல ஓட்டாதீங்க, நின்னுடும். வீட்டம்மாவ அதுல கூட்டிட்டுப் போகாதீங்க. ஞாயித்துக்கிழமை வண்டியக் கொண்டுவந்து விட்டுட்டுப் பணத்த வாங்கிட்டுப் போங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஆட்கள் பேசும் சத்தம் குறைந்தது. எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"நாளன்னிக்கு ஸ்கேனுக்கு இதுலதான் போறதா இருந்தோம் அங்கிள்" என்றான். பிறகு, "ஏன் அங்கிள்?" என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மறுபடி ஞாயிற்றுக்கிழமை என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

எனக்குப் பெரிய நிம்மதி. குளித்துவிட்டு வந்தவன்போல் சமையலறை வாசலில் போய் நின்றேன். "சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். பணத்தத் திருப்பிக் குடுத்துருதேன்" என்றேன். இனி அவள் பழையபடி பேசுவாள், கேலி செய்வாள், கார் மறுபடி நம் தலையில்தானா என்று சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அந்தப் பொம்பளப் பிள்ளையோட நம்பரு வேணும்" என்றாள்.

"எதுக்கு? அவகிட்ட அவன் சொல்லிடுவான். விஷயம் முடிஞ்சுபோச்சு."

"உங்க விஷயம் முடிஞ்சுது. அந்தப் பிள்ள கேட்டது எங்கிட்டயில்லா? சொன்னது நான்லா?"

அவனுக்கு மறுபடி போன் செய்து அவன் மனைவியின் எண்ணைக் கேட்கும்படி ஆயிற்று. ஒன்றும் கேட்காமல் அனுப்பினான். என் மனைவிக்குப் போனில் எண் போடக் கண் தெரியாது. நானே போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் பேசினாள். கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று எனக்கே தெரிந்ததால் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன்.