சட்டசபைக்காரர் வீட்டுக் குசினி

"வோட்டுக் கேட்டு உவர் வந்து கை குடுத்திட்டுப் போனவர் எண்டு காலமை தொட்டு அந்தக் கையையே பாத்துக்கொண்டு நிக்கிறீர், பவானி. வோட்டு முடியட்டும், பிறகு லிஃப்டில கண்டாலும் போனைத்தான் பாப்பார். எனக்குத் தெரியாத சட்டசபைக்காரரே? நான் ஒருத்தற்ற வீட்டில வேலையே செய்தனான். அவர் செத்து இருநூறு வருசம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்."

பக்கத்து வீட்டுப் பவானிக்கு இப்படித்தான் சொல்லத் தொடங்கினேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல அவர் எழுதுகிறார். பள்ளிக்கூடத் தமிழில் எழுதுவது அவருடைய குற்றம்.

வேலை கிளீனிங். அந்த மனிதரின் பழைய வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். முன் ஹோலில் அவருடைய ஆளுயரப் படம். மூக்கைத் துடைக்க மட்டும் ஒரு தனித் துணி வேண்டும்.

வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் நிலா, எங்கள் தமிழ்ப் பிள்ளை. அவள் சொல்லச் சொல்லக் கேட்டே அவருடைய சரித்திரம் எனக்குப் பாடம். அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே சட்டசபையில் இருந்தவர். அமெரிக்காக்காரர் விடுதலை கேட்டுப் போட்ட சண்டையில் இங்கிலிஷ் ராஜாவின் பக்கம் நின்றார். ராஜா தோற்றதும் எல்லை தாண்டி, அவருடைய ஆட்சி மிச்சமிருந்த இங்கே ஓடிவந்தார். அகதி, எங்களைப் போல. எங்களுக்கு வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு நிலத்தடி பேஸ்மென்ட் கிடைத்தது. அவருக்கு ஏரிக்கரை வரை காணியும், இங்குள்ள சபையிலும் ஒரு கதிரையும் கிடைத்தன. தலை நரைக்கும்வரை அதில் இருந்து ஒரு ரோட்டுக்காக வாதாடினார்.

"அந்த ரோட்டு எங்க போகுது, பிள்ளை?"

"அவற்ற வாசலுக்கு, அம்மம்மா. லிட்டரலி."

எனக்குச் சரியான சந்தோஷம். இத்தனை காலத்தில் சட்டசபைக்காரர் தொழில் கொஞ்சமும் கெடவில்லை.

ஒரு நாள் குசினி அடுப்பைத் துடைத்தபடி கேட்டேன். "உவ்வளவு பெரிய அடுப்பில ஆர் சமைச்சது? மனிசியோ?"

நிலா குரலைத் தாழ்த்தினாள். "இல்லை. ஒரு கறுப்பினப் பொம்பிளை. விலைக்கு வாங்கி, அமெரிக்காவில இருந்து வரேக்க கூட்டிக்கொண்டு வந்தவர். பேர் ஒருத்தருக்கும் தெரியாது. டூர் முடிவில டைம் இருந்தா சொல்லுவம்."

"டைம் இருக்கிறதோ?"

"நோ, அம்மம்மா."

அவருடைய பிறந்தநாள் வந்தது. மானேஜர் சொன்னதை நிலா எனக்குத் தமிழில் சொன்னாள். "கமிட்டி வருது. தலைவர் அவற்ற பரம்பரை. வீடு வடிவா இருந்தா வேலை உங்களுக்கு. இல்லாட்டி ஒரு கொம்பனிக்குக் குடுத்திடுவினம். படத்தை வடிவாச் செய்யட்டாம்."

என் வாடகை அந்த வேலையில்தான் நின்றது. செத்தவர் படத்தை வடிவாக்க எனக்கு ஒரே வழிதான் தெரியும். கட்டிய பூமாலை போட்டு, கண்ணாடிக்கு மேல் சந்தனப் பொட்டும் வைத்தேன். பொங்கலும் வடையும் கொண்டுபோயிருந்தேன். அதை அவருக்குப் படைக்க மனம் வரவில்லை. ஆயுள் முழுக்கச் சாப்பிட்டவர்தானே. வாழையிலையைக் குசினி அடுப்படியில் விரித்துப் படைத்து, பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றினேன்.

தலைவர் வந்தார். படத்தில் இருந்த அதே மூக்கு. மாலைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார். மானேஜருக்கு மூச்சு வந்தது. பிறகு குசினிக்குள் வந்து, இலை யாருக்கு என்று கேட்டார்.

"சமைச்சவளுக்கு. அவர் சபையில கதைக்கிறதுக்கு வயித்தை நிரப்பி அனுப்பினவள். அவளின்ர பேர் இவருக்குத் தெரியுமோ எண்டு கேள், பிள்ளை."

நிலா இங்கிலிஷில் கேட்டாள். தலைவர் ரோட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த மாதம் கொம்பனி வந்தது. மாலையை மட்டும் அவர்கள் விடவில்லை, இப்போது பிளாஸ்டிக்காம். நிலா டூரைக் குசினியில் இருந்துதான் தொடங்குகிறாளாம். டைம் இல்லாவிட்டால் ரோட்டை விட்டுவிடுகிறாள்.

"அதால பவானி, உவர் திரும்பக் கை குடுக்க வந்தா, என்ன செய்து தருவீர் எண்டு கேளாதையும். வீட்டில ஆர் சமைக்கிறது, அவவின்ர பேர் என்ன எண்டு கேளும். சரி, எழுதினது காணும். பருப்புப் பொங்கி ஊத்துது, விடும் நான் போக."