நாலு மணிக் கப்பலும் சின்னம்மாவின் நண்டுக் கறியும்

மே 17, சனிக்கிழமை, காலை 8.40. இத்தாலியின் பலேர்மோ துறைமுக வாசலில் நிற்கிறேன். பையில் பேஸ்போல் பந்துகள் பன்னிரண்டு, வேகம் அளக்கும் ரேடார் ஒன்று. கப்பல் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது. பிந்துவது எனக்குப் பிடிக்காது.

நான் ஜெர்மனியிலிருந்து வந்தது சின்னம்மாவின் மகன் அன்ரனுக்காக. வயது பத்தொன்பது, இங்குள்ள பேஸ்போல் கழகத்தில் பந்தெறிகிறான். அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றின் பயிற்சியாளர் உல்லாசக் கப்பலில் வருகிறார். இருபது நிமிடம் அவன் எறிவதைப் பார்க்கிறேன் என்று மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டிருந்தார். பிடித்தால் அணியில் இடம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் மொண்டெல்லோ கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவான்.

கல்லூரியில் ஆடி, அமெரிக்க பேஸ்போலின் உச்சமான மேஜர் லீக் வரை போனவர்களை எக்செலில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். (பொழுதுபோக்கு, விடுங்கள்.) இந்தப் பயிற்சியாளரும் அதில் இருக்கிறார். மட்டையாளர். கல்லூரியில் நான்கு ஆண்டு, மேஜர் லீக்கில் பதினொரு நாள்.

என் திட்டம்: 11.15க்கு மைதானம், 12க்கு முடிவு. ஆனால் சின்னம்மா, தான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் லீவு எடுத்து, ஒரேத்தோ தெருவில் உள்ள தன் வீட்டில் விடியவே சமைத்துவிட்டார்.

"வீட்டை வராமல் நேரே கிரவுண்டுக்கோ? அந்த மனுசன் எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

"சின்னம்மா, நாலு மணிக்கு அவர் கப்பலிலை நிக்க வேணும்."

"ஓம் தம்பி, அதுக்குத்தான் வெள்ளெனச் சமைச்சனான்."

பயிற்சியாளரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்திலிருந்து சின்னம்மா வீட்டுக்கு டாக்சி, 15 யூரோ. அவர் நண்டுக் கறியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். 12.40க்கு இடுப்புப் பட்டியைத் தளர்த்தினார். 12.45க்கு சோபாவில் குறட்டை. இரண்டு தரம் எழுப்பப் போனேன்.

"சாப்பிட்ட மனுசனை எழுப்பாதை! ஃபானைப் போட்டு விடு."

குசினியில் அன்ரன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். "திங்கட்கிழமைக்குப் பழகிறன் அண்ணா."

அவர் கண் விழித்தபோது 3.05. மைதானத்துக்கு நேரமில்லை. 3.25க்குத் துறைமுக வாசலுக்கு வெளியே, ஒரு சுவரோரம், அன்ரனின் கையுறையை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடிக்க அவரே குந்தினார். அவருக்குப் பின்னால் சின்னம்மா, கப்பலுக்குக் கட்டிய சாப்பாட்டு அடுக்கை வைத்தார்.

ஆறு பந்துகள். ரேடாரில் அதிகபட்சம் மணிக்கு 134 கிலோமீற்றர். போதாது என்று அவர் தலையை ஆட்டினார். இன்னும் ஒரே ஒரு பந்து என்று விரலைக் காட்டினார்.

ஏழாவது, கோயில் வளவுக் கிரிக்கெட்டில் ரெனிஸ் பந்தைத் திருப்பிப் பழகிய விரலால் எறிந்தது. கையுறை வலப்பக்கம் போனது. பந்து இடப்பக்கம் வளைந்து நேரே சாப்பாட்டு அடுக்கில் அடித்தது.

"ஐயோ, என்ரை நண்டு!"

"அம்மா, பந்தைப் பாத்தனீங்களோ?"

பயிற்சியாளரால் எழும்ப முடியவில்லை. நானும் அன்ரனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். "வேகம் போதாது, அதை ஏற்றலாம்," என்றார். "என்னைப் பதினொரு நாளில் வீட்டுக்கு அனுப்பியது இப்படி ஒரு பந்துதான். செப்டம்பரில் வரட்டும்."

மொழிபெயர்த்தேன். சின்னம்மா அழுதார். பிறகு, "கப்பலிலை அந்தாளுக்குப் பசிக்குமே," என்றார்.

3.52க்குப் பயிற்சியாளர் துறைமுகத்துக்குள் போனார்.

அடுத்து நான் செய்யப்போவது:

1. மாணவர் விசாத் தாள்களைத் திங்களன்றே தொடங்குவது.
2. அன்ரன் செப்டம்பர் வரைதான் கோப்பை கழுவுவான் என்று உணவகத்துக்குச் சொல்வது. அந்தக் காசில்லாமல் விமானச் சீட்டை யார் எடுப்பது?
3. ரேடாரில் தெறித்த குழம்பைத் துடைப்பது.
4. வழியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் திட்டத்தில் மூன்று மணித்தியாலம் கூட்டுவது. நீங்களும் கூட்டுங்கள்.
5. பட்டியலில் அன்ரனின் பெயரைச் சேர்ப்பது. கல்லூரிக் கட்டத்தை நிரப்பிவிட்டு, மேஜர் லீக் கட்டத்தை வெறுமையாக விடுவது. அழிக்காமல், பிறகு நிரப்ப.