காதுகுத்து பேனரில் தாய்மாமன்

திருவண்ணாமலை வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: என் அக்கா மகளின் காதுகுத்து பேனரை இன்று என் ஃபோனில் இருக்கும் ஏஐ இரண்டே நிமிடத்தில் செய்து முடித்தது.

வேங்கிக்கால் பேனர் கடையில் அதைக் காட்டினேன். அங்கே டிசைன் செய்யும் கவிதா அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன்டா, தாய்மாமன் நீ. உன் மடியில உக்கார வச்சுதான் காது குத்தப் போறாங்க. உன்னப் போய் ஸ்டாம்பு சைசுல மூலையில போட்டிருக்குது?"

அவரே என் படத்தைப் பெரிதாக்கிக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்தார். சித்தப்பாவுக்குக் கீழே கிடந்த பெரியப்பாவை மேலே ஏற்றினார். முக்கால் மணி நேரம் ஆனது.

டீ குடிக்கப் போன ஓனர் அண்ணன் திரும்பி வந்தார். "சூப்பரா கீதே. யாரு பண்ணது?"

"என் ஃபோனுதாண்ணா. ரெண்டே நிமிஷம்!"

டிசைன் டிசைனாக அளப்பது என் பிறவிக்குணம். விளையாட்டு என்று கவிதா அக்காவும் சிரித்தார். ஓனர் சிரிக்கவில்லை.

"கவிதா, அடுத்த மாசத்துலருந்து மத்தியானம் வரைக்கும் வந்தா போதும்மா. பாதி சம்பளம் தரேன்."

அக்கா தலையைக் குனிந்து மவுஸைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் பதறிவிட்டேன். "அண்ணா, சும்மா சொன்னேண்ணா! ஃபோன் சொதப்பிடுச்சு. எல்லாம் சரி பண்ணது அக்காதான்."

"அதனால என்னடா? தாய்மாமன பெருசா போடுன்னு அதுகிட்ட சொல்லிப் பாரு."

சொன்னேன். போட்டுவிட்டது.

நாளை எங்கள் தெருமுனையில் அந்த பேனர் நிற்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அதில் என் கைவேலை எதுவும் இல்லை. கவிதா அக்காவின் பாதி வேலை போனதில் மட்டும்தான் இருக்கிறது.

திட்டுகிறவர்கள் கமெண்டில் திட்டலாம்.