ரெண்டு பக்கமும் வச்சியா?

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தெருவில் ஆள் நடமாடும் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது. நீங்கள் நம்பாமல் போகலாம். ஆனால் இதில் வரும் நேரங்களை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. சர்வர் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறேன். மனிதர்கள் பொய் சொல்வார்கள், பதிவு சொல்லாது என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

என் பெயர் லிகாயா. மணிலாவை ஒட்டிய பாசிக்கில், ஒரு கப்பல் டிக்கெட் கம்பெனியின் சர்வர் அறையில் எனக்கு வேலை. ஐந்து மாத ஒப்பந்தம். அது முடிந்தால் நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒன்பது நாள் மீதி இருந்தது. பெரிய வெள்ளியன்று செய்யவேண்டிய ஒரு வேலையை, விற்பனை ஒரு நொடியும் நிற்காமல் முடித்துக்கொடுத்தால் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த வாய்ப்பைப் பேசி வாங்கித் தந்தவர் ரோம்னிக். ஆறு வருடம் மூத்தவர். அவரை நான் குயா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன்.

வேலை இதுதான். டிக்கெட் கேட்டு வருபவர்களை முதலில் வாங்கிக்கொள்ள இரண்டு வெப் சர்வர்கள் இருக்கின்றன, ஒரு கடைக்கு இரண்டு வாசல் போல. டிக்கெட் போடும் இயந்திரங்கள் உள்ளே, பின்வரிசையில். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்ன பிளக்-இன் உண்டு. வருகிறவரை எந்த இயந்திரத்திடம் அனுப்புவது என்று அதுதான் முடிவு செய்யும். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். ஓர் இயந்திரம் விழுந்துவிட்டால் பட்டியலில் அடுத்ததற்கு அனுப்பும். அதனால் கடை மூடுவதே இல்லை. பின்வரிசையில் இருந்த மூன்றில் மூன்றாவதைப் போன மாதமே கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அதன் பெயரை நீக்கி, புதுப் பட்டியலை இரண்டு வாசலிலும் வைக்க வேண்டும்.

இரண்டிலும். ஒன்றில் வைத்துவிட்டு மற்றதை மறப்பதுதான் எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய தப்பு. அப்படி மறந்ததாகத்தான் எனக்கு முன்னால் இருந்த தெல்பின் என்பவரை வேலையை விட்டு எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் ஆறு மணி நேரம் துறைமுகத் தரையில் உட்கார்ந்திருந்ததாம். தெல்பினை நான் பார்த்ததில்லை. அவருடைய நாற்காலிதான் எனக்குக் கிடைத்தது.

அன்று மதியம் 1:52. தெருமுனைப் பந்தலில் இயேசுவின் பாடுகளை ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்தார்கள். மற்றபடி ஊரே அடங்கிக் கிடந்தது. ஒரு கடையும் திறக்கவில்லை. ரோம்னிக் கறுப்புச் சட்டையில், கண் சிவந்து வந்தார். மெழுகுவர்த்திப் புகை வாசனை அடித்தது.

காவலுக்கு இருந்த பெரியவர் மனோங் இசிங் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், சாவு வீட்டுலேர்ந்து நேரா இங்க வர்றீங்களா? இது என்ன டோனட் கடையா, நின்னு உதறிட்டுப் போக?"

"சும்மா இருங்க மனோங். பெரிய வெள்ளிக்குக் கறுப்புப் போடக் கூடாதா?"

நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேராக வீடு திரும்ப மாட்டார்கள். வழியில் எங்காவது நின்று, ஒரு காப்பியாவது குடித்துவிட்டுத்தான் போவார்கள். கூடவே வந்த ஆவி வீடுவரை வராமல் அங்கேயே தங்கிவிடும் என்பார்கள்.

கைபேசிகளை மனோங்கிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். ஒப்பந்தக்காரர்கள் பதிவைப் படிக்கலாம், எதையும் மாற்ற அனுமதி கிடையாது. அதனால் ரோம்னிக் தன் பெயரிலேயே கணினியைத் திறந்து, என்னை உட்கார வைத்தார். பிறகு தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டார்.

"குளிரும். போட்டுக்கோ லிக்."

"உங்களுக்கு?"

"எனக்குப் பழகிடுச்சு."

அந்த அக்கறையில் எனக்குக் கண் கலங்கியது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2:40. "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று எழுந்தார். விதிப்படி உள்ளே இரண்டு பேர் இருக்க வேண்டும். "குயா, ரூல்ஸ்..." என்று இழுத்தேன். "அஞ்சு நிமிஷம்டீ, உன்னை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க!" கதவு மூடியது. போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

2:49. முதல் வாசலில் புதுப் பட்டியலை வைத்தேன். இரண்டு பெயர்கள். சரி.

2:51. இரண்டாவது வாசலிலும் வைத்தேன். சரி.

பிளக்-இன் தன் பட்டியலை அறுபது நொடிக்கு ஒருமுறை மறுபடி படிக்கும். காத்திருந்தேன். கை ஜாக்கெட் பைக்குள் போனது. உள்ளே ஏதோ வழுவழுப்பாக... எடுத்துப் பார்த்தேன். தர்ப்பூசணி விதைகள். பாதி கொறித்த தோல்கள். எங்கள் ஊரில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரவு முழுக்கக் கொறிப்பது.

2:58. இரண்டாவது வாசலின் பட்டியலைத் திறந்தேன்.

மூன்று பெயர்கள்.

தப்பாகப் பார்த்தேனோ? நீக்கினேன். சேமித்தேன். அறுபது நொடி.

3:00. மறுபடி மூன்று.

கடைசியாக மாற்றியவர்: ரோம்னிக். அதாவது நான். ஆனால் என் கை மேசையின் மேல் இருந்தது.

சுவர் போனை எடுத்தேன். "மனோங், ரோம்னிக் அங்க இருக்காரா?"

"அவரா? 2:41க்கே கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டாரேம்மா. வேலை முடிஞ்சிடுச்சுன்னாரு."

"வீட்டுக்கா?"

"ஆமா. ஏன், உன் கூட இன்னொருத்தர் இருக்காரே? கதவுக் கணக்கு உள்ள ரெண்டு பேருன்னு காட்டுது."

போனை வைத்துவிட்டேன்.

3:03. மூன்றாவது இயந்திரம் இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் பொந்து. கையை உள்ளே விட்டேன். காற்று மட்டும்தான். எதிலும் சேராத ஒரு கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வெறுமைக்குள் விசிறி ஓடும் சத்தம்... ர்ர்ர்ர்...

3:04. முதல் இயந்திரம் விழுந்தது.

3:05. இரண்டாவதும்.

இனி கடை மூடிவிடும். நிரந்தரம் போயிற்று. நான் திரைக்கு ஓடினேன்.

கடை மூடவில்லை.

மணிலாவிலிருந்து செபு, இரண்டு பெரியவர், ஒரு குழந்தை. டிக்கெட் போட்டாயிற்று. பதில் தந்தது: மூன்று. அடுத்தது, இலோய்லோ. பதில் தந்தது: மூன்று.

மூன்று. மூன்று. மூன்று.

திரையின் அடியில் ஒரு வரி வந்தது. ஒவ்வோர் எழுத்தாக, யாரோ மெதுவாக அடிப்பது போல.

ரெண்டு பக்கமும் வச்சியா?

அடித்தேன்: யார் இது?

ரெண்டு பக்கமும் வச்சியா, ரோம்னிக்?

நான் ரோம்னிக் இல்லை.

விசிறிகள் எல்லாம் ஒரு நொடி நின்றன... அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை.

உன் ஜாக்கெட் எனக்குத் தெரியாதா?

பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு.

காலரை யாரோ சரிசெய்தார்கள்.

மெதுவாக.

ஓடினேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வெள்ளியன்று 3:05 முதல் 3:09 வரை இரண்டு இயந்திரங்களும் விழுந்து கிடந்தன. விற்பனை ஒரு நொடியும் நிற்கவில்லை. மேலாளர் கைதட்டச் சொன்னார். பதிவில் இருந்தது ரோம்னிக்கின் பெயர். கைதட்டல் ரோம்னிக்குக்கு. நேரம் முடியுமுன் இடத்தை விட்டு ஓடியவள் என்று என் ஒப்பந்தத்தை அன்றே முடித்தார்கள். ரோம்னிக் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணக்கை அவர்கள் மூடும் முன் வெள்ளிக்கிழமைப் பதிவைப் படியெடுத்துக்கொண்டு, பழைய டிசம்பர் பதிவையும் தேடிப் பார்த்தேன். கதவுக் கணக்குப்படி அந்த நேரத்தில் உள்ளே இருந்தது ஒரே ஒருவர். பட்டியலை ஒரு வாசலில் மட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனது தெல்பின் அல்ல. ரோம்னிக்.

வாசலில் மனோங் இசிங் என் அட்டையை வாங்கிக்கொண்டு சொன்னார். "உனக்குத் தெரியாதா? தெல்பின் புதன்கிழமை செத்துட்டான். வேலை போனதுலேர்ந்து ஆளே உடைஞ்சு போய்க் கிடந்தான். வியாழன் ராத்திரி பூரா பெட்டிக்குப் பக்கத்துலயே ரோம்னிக் உக்காந்திருந்தாராம். அங்கேர்ந்துதான் இங்க வந்தாரு."

ரோம்னிக் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"ஏன் குயா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கையில் வைத்திருந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு லிக். எங்கயாவது நிக்கணும்ல? எல்லாக் கடையும் மூடியிருந்துச்சு."

ஜாக்கெட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது இங்கே, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. காலர் சரியாக மடிந்திருக்கிறது. நான் மடிக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று அங்கிருந்து ஓடியவள் வழியில் எங்கும் நிற்கவில்லை. எல்லாக் கடையும் மூடியிருந்தது.

நேராக வீட்டுக்குத்தான் வந்தேன்.