கழுத்து சாயும் கிட்டார்

குன்னூர் மழையில் ஒரு வாரம் பெட்டிக்குள் கிடந்தாலே தோல் சாமான்களில் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் சர்ச்சின் பேஸ் கிட்டாரும் அதன் தோள்வாரும் வருஷக்கணக்காகப் பெட்டிக்குள்தான் வாழ்கின்றன. வாரின் மேல் பச்சையும் சாம்பலுமாக ஒரு மாவு படிந்திருக்கும். துடைத்தால் மாவு துணியில் வந்துவிடும், நாற்றம் போகாது. நனைந்த நாயும் யாரோ ஒருவருடைய பழைய வியர்வையும் கலந்த நாற்றம். பிரசவத்துக்குப் பிறகு ஏழாம் மாதம் நான் மறுபடி வாசிக்கப் போனபோது, என் இடது தோளில் மகள் கக்கிய பாலின் புளிப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆராதனை முழுக்க, மூக்குக்கு நாலு விரல் தள்ளி அதை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரை மாற்றக் கூடாது என்பது கொயர் என்கிற எங்கள் பாடகர் குழுவில் யாரும் எழுதிவைக்காத சட்டம். கிட்டாருக்குச் சொந்தக்காரர் இறந்தபின் அவருடைய மனைவி அதை சர்ச்சுக்குக் கொடுத்தார். பின்பக்கம் ஒரு பித்தளைத் தகட்டில் அவர் பெயரும் கீழே 'நினைவாக' என்ற சொல்லும் இருக்கின்றன. எங்கள் சர்ச்சில் நினைவாக வந்த பொருள், பெஞ்சானாலும் மின்விசிறியானாலும், வந்தபடியே இருக்க வேண்டும். கூடவே இன்னொரு வழக்கம்: கொயரில் உட்கார்ந்து வாசிப்பது மரியாதை இல்லை. கீபோர்டுக்காரருக்கு மட்டும் ஸ்டூல் உண்டு. அது கருவியோடு சேர்ந்ததாம்.

எடை மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். கையை விட்டால் அந்தக் கிட்டாரின் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். கம்பிகளை முறுக்கும் இரும்புத் திருகுகள் நான்கும் கழுத்தின் நுனியில் இருந்தன, கனமானவை. வாரை மாட்டும் குமிழோ இருக்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப உள்ளே தள்ளி இருந்தது. அதனால் கம்பியை அழுத்த வேண்டிய இடது கை, கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. குறுகலான வார் அந்த நேரமெல்லாம் தோளை அறுத்தது.

ஒரு ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வந்து மகளைத் தொட்டியில் குளிப்பாட்டினேன். சோப்பு நுரையோடு இடது கையில் அவளைத் தாங்கியிருந்தேன். என் சுண்டுவிரலும் மோதிர விரலும் திடீரென்று உணர்வு அற்றுப்போயின. கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் யாருடைய விரல்களோ போல இருந்தன. அவள் சரிந்தாள். முகம் ஒரு நொடி தண்ணீருக்குள் போய் வந்தது. இருமினாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடியே வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

கணவரிடம் சொல்லவில்லை. பிள்ளையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். கேட்க மாட்டார் என்றும் தெரியும். டாக்டரிடம் போனேன். தோளில் நரம்பு அழுந்துகிறது, கனம் தூக்காதீர்கள் என்றார். மகளைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அவளைத் தூக்குவதைக் குறைத்தேன். கிட்டாரைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. அவள் கைநீட்டி அழும்போது தள்ளி நின்று பொம்மையை ஆட்டிக்காட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் குமட்டுகிறது.

கடைசியில் கொயர் மாஸ்டரிடம் சொன்னேன்.

"அண்ணா, கிட்டார் கழுத்து கீழயே இழுக்குதுங்க. கை மரத்துப்போகுது. வாரையாவது அகலமா ஒண்ணு மாத்திக்கலாமுங்களா?"

"ஏனுங்க, அவரு தோள்ல கெடந்த வாருங்க அது. அவரு ஒரு நாளாவது கை மரத்துப்போச்சுன்னு சொல்லியிருப்பாருங்களா?"

பின்வரிசையில் நின்ற ஒரு அக்கா விடவில்லை. "நாங்கெல்லாம் புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுக் கொழுந்து பறிச்சவங்க சாமி. இவங்களுக்குப் பாட்டுப்பொட்டியே கனக்குதாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது மாஸ்டர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பெருமையோடு காத்திருந்தார். காய்கறிக் கடைத் தராசில் வைக்கும் அரைக் கிலோ படிக்கல் ஒன்றைக் கிட்டாரின் அடிப்பக்கம் கறுப்பு டேப்பால் சுற்றி ஒட்டியிருந்தார்.

"தகட்டுல படாம ஒட்டியிருக்கறனுங்க. இப்பக் கைய விட்டுப் பாருங்க."

விட்டேன். கழுத்து அசையாமல் நின்றது. கை தட்டினார்கள். கல்லை ஒட்டினால் நினைவுப் பொருளுக்கு ஒன்றும் ஆகாது, வாரை மாற்றினால் ஆகிவிடும். இதை யாரிடம் கேட்பது? "தேங்க்ஸ்ங்கண்ணா" என்றேன்.

வீட்டில் பழகுவதற்கென்று கிட்டாரை எடுத்துவந்து, அதைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். இறக்கிவைத்துவிட்டு மறுபடி ஏறினேன். ஐந்தரைக் கிலோ. சாய்வு போய்விட்டது, அந்த வேலையையும் தோள் வாங்கிக்கொண்டது. அந்த வாரமே தேநீர்க் கோப்பை ஒன்று என் கையிலிருந்து நழுவி உடைந்தது. மகள் அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளித் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் இறந்தவரின் மனைவியிடம் போனேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தார். நாலு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கிட்டார் வாரை மாத்திக்கலாமுங்களா? பழசைப் பத்திரமா எடுத்து வெச்சுடறேன்."

"எந்த வாரு?"

"அண்ணன் போட்டுட்டிருந்த தோல் வாருங்க."

விரித்த குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "அதா? கோயமுத்தூர்ல கிட்டார் வாங்குனப்ப கடைக்காரரு சும்மா குடுத்ததுங்க. அவரு அதை மாட்டுனதே இல்ல. நின்னா கழுத்து சாயுதுன்னு திட்டிக்கிட்டு வூட்டுல கட்டில் மேல உக்காந்துதான் வாசிப்பாரு."

"சர்ச்சுல?"

"சர்ச்சுல எங்க வாசிச்சாரு? அந்தக் காலத்து மாஸ்டரு கொயருக்குக் கூப்பிட்டாங்க. நிக்கோணும்னாங்க. போகல."

குடையோடு மழையில் இறங்கிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். இத்தனை மாதம் நான் முகர்ந்துகொண்டிருந்த வியர்வை அப்படியானால் யாருடையது? எனக்கு முன்னால் அங்கே நின்று, தோள் வலித்து, வாயைத் திறக்காமல் போன எத்தனை பேருடையது?

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன் கல்லைப் பிய்த்து எடுத்தேன். வாரைக் கழற்றி ஜன்னல் மேல் போட்டேன். சர்ச் ஹாலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து உட்கார்ந்தேன். கிட்டாரைத் தொடையில் வைத்தபோது அதன் இடுப்பு வளைவு அங்கே பொருந்திக்கொண்டது. கழுத்து சாயவில்லை.

மாஸ்டர் குனிந்து, "எந்திரிங்க, சனங்க பாக்கறாங்க," என்றார்.

"பாக்கட்டுங்கண்ணா."

"அவங்க குடும்பம் என்னங்க நெனைக்கும்?"

"அவங்ககிட்டயே கேளுங்க."

கம்பிகளின் மேல் விரல்களை வைத்தேன். முதல் பாட்டு முடியும் வரை, தப்புச் செய்கிறேனோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் ஸ்வரம் தவறியது.

அன்று மதியம், குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளின் முகம் தண்ணீருக்குள் போனதையும் சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

"எத்தன நாளாச்சு இது நடந்து?"

"மூணு மாசம் இருக்குமுங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கும் கொயர்ல பர்மிஷன் கேட்டுட்டு இருந்தியா?"

மகளை அவரிடம் நீட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு மகளை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் அவர் பிடித்துக்கொள்கிறார், நான் தண்ணீர் ஊற்றுகிறேன். மோதிர விரலுக்கு உணர்வு திரும்பிவிட்டது. சுண்டுவிரலுக்கு இன்னும் இல்லை. டாக்டரிடம் மறுபடி போயிருந்தேன். இந்த முறை கிட்டாரைப் பற்றியும் சொன்னேன்.